ஞாயிற்றொளியும் இல்லமும்: ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் வரலாறு

வீட்டை ஞாயிற்றின் போக்கறிந்து அமைக்கவேண்டும் என்னும் கருத்து மிகப் பழமையானது. கிரேக்க ஆசிரியரான செனபன், தம் ஆசான் சோக்கிரட்டீசின் கூற்றாக, நல்ல வீடு தெற்கு நோக்கியிருத்தல் வேண்டும் என எழுதிவைத்துள்ளார். அந்நாட்டிற் குளிர்காலத்து ஞாயிறு தெற்கு வானில் தாழ்ந்து செல்லும். அப்பொழுது அதன் கதிர்கள் முன்றிலைக் கடந்து வீட்டினுள்ளே புகும். கோடையில் அது உச்சி வானிற் செல்லுங்கால் கூரை நிழல் தரும். எரிபொருட் செலவின்றிக் கிடைக்கும் இந்நன்மையைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும் அவ்வறிவில் ஒரு குறை எஞ்சியிருந்தது. பகலில் வந்த வெப்பம் இரவுவரை நிற்பதில்லை. வெயிலடித்த வாரத்தின் வெப்பம் முகில் மூடிய வாரத்துக்கு உதவுவதில்லை. கைத்தொழிற் புரட்சியின் பின்னர் நிலக்கரியும் அதனைத் தொடர்ந்து எண்ணெயும் மலிந்தபோது, இக்குறையைத் தீர்க்கவேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. வீடு எத்திசையை நோக்கினும் நிலவறையில் எரியும் உலை அதனைச் சூடாக்கியது.

கைவிடப்பட்ட இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானோர், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழுவினராவர். இரசாயனப் பொறியியல், இயந்திரவியல், மின்னியல், உலோகவியல், கட்டடக்கலை ஆகிய பல துறைகளைச் சார்ந்தோர் அக்குழுவிற் பணியாற்றினர். 1939 தொடக்கம் 1958 வரை அந்நிறுவனம் நான்கு சூரிய வீடுகளை அமைத்தது. குழுவைச் சேர்ந்த ஒருவரின் முயற்சியால் ஐந்தாவது வீடொன்று நிறுவனத்துக்கு வெளியே எழுந்தது. இவற்றுள் எதுவும் சூரிய வீடாக நிலைத்திருக்கவில்லை. ஆயினும் நிலைபேறான கட்டடக்கலை என இன்று வழங்கும் துறையின் அடித்தளங்களுள் ஒரு பகுதி இவ்வீடுகளிலேயே இடப்பட்டது. இவ்வீடுகள் ஏன் கைவிடப்பட்டன, கைவிடப்பட்ட பின்னரும் அவற்றில் எது எஞ்சியது என்னும் இரு வினாக்களும் பல்கலைக்கழக ஆய்வின் இயல்பைப் பற்றிச் சிந்திப்போர்க்கு முக்கியமானவையாகும்.

கொடையும் குழுவும்

1938 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்துத் தொழிலதிபரான கொட்பிறி லோவெல் கபற் என்பவர் சூரிய சக்தியைப் பயன்படுத்தும் வழிகளை ஆராயும்பொருட்டு அந்நிறுவனத்துக்கு ஏறக்குறைய 650,000 டொலரை வழங்கினார். இயற்கை வாயுவை எரித்துப் பெறும் கரிமை உற்பத்தியிற் செல்வம் ஈட்டிய ஒருவரே ஞாயிற்றை நோக்கி ஆய்வாளரைத் திருப்பினார் என்பது கருதத்தக்கது. அக்காலத்து அமெரிக்காவில் எரிபொருட் பஞ்சம் எதுவும் இருக்கவில்லை. எனவே சந்தையின் அவசரம் இன்றி, நீண்ட நோக்குடன் ஆராயும் வாய்ப்பு இக்குழுவுக்குக் கிடைத்தது.

கபற் நிதியின் கீழ் ஒளியிரசாயனம், வெப்பமின்னியல், வீடு சூடாக்கல் எனப் பல பிரிவுகளில் ஆய்வுகள் தொடங்கின. இவற்றுள் வீடு சூடாக்கும் பணி இரசாயனப் பொறியியற் பேராசிரியரான ஹொயிற் ஹொற்றல் அவர்களின் தலைமையில் நடைபெற்றது. உலைகளில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். எந்தக் கருவியையும் எண்ணால் அளந்தபின்னரே மதிப்பிடவேண்டும் என்பதில் உறுதி கொண்டவர். குழுவின் வலிமைக்கும் பின்னர் அதில் எழுந்த முரண்பாட்டுக்கும் இவ்வுறுதி ஒருங்கே காரணமாயிற்று.

முதல் வீடு

1939 இல் எழுந்த முதலாவது வீடு உண்மையில் வீட்டின் உருவிலமைந்த ஓர் ஆய்வுகூடமே. ஏறக்குறைய 500 சதுர அடிப் பரப்புடைய அதில் எவரும் குடியிருக்கவில்லை. கூரையின் தென்புறச் சரிவிற் கண்ணாடித் தகடுகளின் கீழே கரிய செப்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. அத்தகடுகளோடு இணைந்த குழாய்களில் ஓடிய நீர் ஞாயிற்றின் வெப்பத்தை ஏற்று நிலவறைக்குச் சென்றது. நிலவறையிலோ 17,000 கலனுக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும் பெருந்தாங்கி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. கோடையின் வெப்பத்தைத் திரட்டி வைத்துக் குளிர்காலத்திற் செலவிடுவதே அதன் நோக்கம்.

வீடு சூடாகவே இருந்தது. விஞ்ஞான நோக்கில் முயற்சி வெற்றி பெற்றது. ஆனால் கணக்குப் பார்த்தபோது வேறொரு முடிவு கிடைத்தது. இரு அறைகளைச் சூடாக்குவதற்கு அவ்வளவு பெரிய தாங்கியை அமைத்தல் எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆறு மாதங்களுக்கு வெப்பத்தைச் சேமிப்பதிலும், சில நாட்களுக்கு மட்டும் சேமித்து எஞ்சிய தேவையை வேறு எரிபொருளால் நிறைவு செய்வதே சிக்கனமானது என ஹொற்றல் கருதினார்.

இவ்வீட்டின் நிலையான பயன் வேறோரிடத்தில் வெளிப்பட்டது. ஹொற்றலும் அவருடன் பணியாற்றிய பைரன் வேர்ற்ஸ் என்பவரும் கூரைத் தகடுகள் திரட்டிய வெப்பத்தையும் இழந்த வெப்பத்தையும் நுணுக்கமாக அளந்து 1942 இற் கட்டுரையாக வெளியிட்டனர். கண்ணாடித் தகடுகளின் எண்ணிக்கை, சாய்வு, வெளியிலுள்ள குளிர் ஆகியவற்றுக்கேற்ப ஒரு வெப்பத்திரட்டி எவ்வளவு பயன் தரும் என்பதை முன்கூட்டியே கணிக்க அக்கட்டுரை வழிகாட்டியது. ஒஸ்ரின் விலியர் என்னும் தென்னாபிரிக்க ஆய்வாளர் 1953 இல் அதே நிறுவனத்தில் நிறைவு செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு அக்கணிப்பை மேலும் செம்மைப்படுத்தியது. வீட்டுக் கூரைகளில் நீர் சூடாக்கும் திரட்டிகளை வடிவமைப்போர் இன்றும் பயிலும் சமன்பாடு ஹொற்றல், விலியர் ஆகிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

உப்பும் கண்ணாடியும்

குழுவின் மற்றொரு முக்கிய உறுப்பினர் மரியா ரெல்கெஸ் அம்மையார். 1900 இல் புடாபெஸ்ற் நகரிற் பிறந்து பௌதிக இரசாயனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர் அவர். கபற் நிதியில் முதலில் வெப்பமின்னியல் ஆய்வில் ஈடுபட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கடலில் தத்தளிக்கும் போர்வீரர் ஞாயிற்றின் வெப்பத்தால் உப்புநீரைக் குடிநீராக்குவதற்குரிய சிறு கருவியொன்றை உருவாக்கினார். போர் முடிந்தபின் வீடு சூடாக்கும் ஆய்வு மீண்டும் தொடங்கியபோது, வெப்பத்தைச் சேமிக்க நீருக்குப் பதிலாக உப்பொன்றைப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார்.

அவர் தெரிந்தெடுத்தது குளோபர் உப்பு எனப்படும் நீரேறிய சோடியம் சல்பேற்று ஆகும். அது ஏறக்குறைய 32 பாகை சதமவளவில் உருகும். உருகும்போது பெருமளவு வெப்பத்தை உள்வாங்கி, மீண்டும் உறையும்போது அதனை வெளிவிடும். ஒரு கிலோகிராம் நீரைப் 10 பாகை சூடாக்கினால் அதில் தங்கும் வெப்பம் 10 கிலோகலோரி மட்டுமே. அதே நிறையுள்ள குளோபர் உப்பு உருகும்போது ஏறக்குறைய 60 கிலோகலோரியை ஏற்கின்றது. மலிவானதும் எளிதிற் கிடைப்பதுமான இவ்வுப்பினால் நிலவறை நிறைந்த தாங்கியைச் சில அலுமாரிகளின் அளவுக்குச் சுருக்கலாம் என்பது அவரது வாதம்.

1947 இல் எழுந்த இரண்டாவது வீடு பல சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டடமாகும். தென்புறக் கண்ணாடிச் சுவரின் பின்னே வெப்பக் களஞ்சியத்தை நேரே வைத்துச் சோதிக்கும் முறை அங்கே பின்பற்றப்பட்டது. இரவில் அக்கண்ணாடியினூடாகவே வெப்பம் வெளியேறியமையாற் பெறுபேறுகள் மகிழ்ச்சி தருவனவாய் அமையவில்லை. உப்பின் பயன் பற்றி ஹொற்றலுக்கும் ரெல்கெசுக்குமிடையே நிலவிய கருத்து வேறுபாடும் முற்றியது. நம்பத்தக்க அளவீடுகள் இல்லாத பொருளை வீட்டிற் புகுத்தலாகாது என்பது ஒருவரின் நிலை. வீட்டிற் புகுத்தாமல் அப்பொருளை முழுமையாக அறிய முடியாது என்பது மற்றவரின் நிலை. இரு நிலைகளிலும் நியாயம் இருந்தது. ஆனால் தீர்ப்புக் கூறும் அதிகாரம் ஒரு துறையின் கையிலேயே இருந்தது.

எனவே ரெல்கெஸ் வேறு துணையை நாடினார். கட்டடக் கலைஞரான எலினோர் றேமண்ட், சிற்பியும் செல்வருமான அமீலியா பீபொடி ஆகிய இரு பெண்மணிகள் அவருடன் இணைந்தனர். பீபொடி அளித்த நிதியில், அவருக்குச் சொந்தமான நிலத்தில், டோவர் என்னும் ஊரில் 1948 இன் இறுதியில் ஒரு வீடு எழுந்தது. அதன் மேற்றளத்துத் தென்முகம் முழுவதும் கண்ணாடியால் அமைந்தது. குளிர்காலத்துத் தாழ்ந்த கதிர்களும் தரையிற் படிந்த பனியிலிருந்து தெறிக்கும் ஒளியும் செங்குத்தான அச்சுவரில் நன்கு விழுந்தன. கண்ணாடியின் பின்னிருந்த கரிய தகடுகளிற் சூடேறிய காற்றை விசிறிகள் கீழே செலுத்த, அறைகளுக்கிடையே அடுக்கப்பட்டிருந்த கலங்களிலுள்ள உப்பு அவ்வெப்பத்தை ஏற்றது. வேறு சூடாக்கும் கருவி எதுவும் அங்கே இருக்கவில்லை. ரெல்கெசின் உறவினர் குடும்பமொன்று அதிற் குடியேறியது.

டோவர் வீட்டில் வெப்பத்திரட்டி கூரைமேல் ஏற்றிவைத்த கருவியாக அமையவில்லை. அதுவே வீட்டின் முகமாயிற்று. களஞ்சியமே சுவராயிற்று. இரசாயன அறிவும் கட்டடக் கலைஞரின் வரைபும் ஒன்றையொன்று வழிநடத்திய அவ்வீட்டிற் பல்துறைக் கூட்டுறவு உண்மையான பொருளிற் செயற்பட்டது எனலாம். முதலிரு குளிர்காலங்களிலும் வீடு பெரிதும் குறையின்றி இயங்கியது. செய்தித்தாள்கள் அதனைப் போற்றின. மூன்றாவது குளிர்காலத்தில் உப்பு தவறியது. பலமுறை உருகி உறைந்தபோது நீரிற் கரையாத பகுதி கலங்களின் அடியிற் படிந்து, மீண்டும் முழுமையாகச் சேராது படையாகப் பிரிந்து நின்றது. அதன் வெப்பக் கொள்ளளவும் குன்றியது. கலங்கள் அரிப்புண்டு கசிந்தன. ஈற்றில் வீட்டில் எண்ணெய் உலை பொருத்தப்பட்டது. 1953 இல் ரெல்கெஸ் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தை விட்டு நீங்கினார். அவருடன் உப்புப் பற்றிய ஆய்வும் அக்குழுவை விட்டு நீங்கியது.

லெக்சிங்ரன் வீடு

குழுவில் எஞ்சியோர் நீரையே நம்பினர். இரண்டாவது வீட்டுக் கட்டடம் 1949 இல் திருத்தியமைக்கப்பட்டு மூன்றாவது வீடாகியது. கூரையில் 400 சதுர அடித் திரட்டியும் 1,200 கலன் நீர்த்தாங்கியும் அமைக்கப்பட்ட அவ்வீட்டில் மாணவர் ஒருவரின் குடும்பம் வாழ்ந்தது. வீட்டுக்குத் தேவையான வெப்பத்தின் பெரும்பகுதியை அது ஞாயிற்றிலிருந்தே பெற்றது. 1955 இல் அது தீக்கிரையாயிற்று.

அதனிடையே நாட்டின் சூழலும் நம்பிக்கை தருவதாக இருந்தது. போர்க்கால எரிபொருட் தட்டுப்பாடு மக்கள் நினைவிலிருந்து அகலவில்லை. 1950 இற் சூரிய வெப்பத்தால் வீடு சூடாக்குவது பற்றிய கருத்தரங்கொன்று அந்நிறுவனத்தில் நடைபெற்றது. 1952 இல் அமெரிக்க சனாதிபதி நியமித்த மூலப்பொருட் கொள்கை ஆணைக்குழுவின் அறிக்கை, 1975 அளவிற் சூரிய வெப்பம் பெறும் 13 மில்லியன் வீடுகளுக்கு இடமிருக்கக்கூடும் என மதிப்பிட்டது.

1958 இல் லெக்சிங்ரன் என்னும் ஊரில் அமைக்கப்பட்ட நான்காவது வீடே குழுவின் முதிர்ந்த படைப்பாகும். பேராசிரியர் லோறன்ஸ் அண்டர்சன் முதலிய கட்டடக்கலைத் துறையினர் இதன் வடிவமைப்பிற் பங்குகொண்டனர். 1,450 சதுர அடிப் பரப்புடைய அவ்வீட்டின் தென்புறக் கூரை 60 பாகை சாய்வுடன் உயர்ந்து நின்றது. அதில் 640 சதுர அடித் திரட்டி பொருத்தப்பட்டது. கீழே 1,500 கலன் நீர்த்தாங்கி அமைந்தது. வீட்டைச் சூடாக்கவும் குளிக்கும் நீரைச் சூடாக்கவும் வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை ஞாயிறு வழங்கியது. எதிர்பார்த்தவாறே யாவும் இயங்கின. ஆயினும் மூன்று குளிர்காலங்களின் பின்னர் சூரியக் கருவிகள் அகற்றப்பட்டன. கருவியின் விலையையும் அது மீதப்படுத்திய எண்ணெயின் விலையையும் ஒப்பிட்டபோது, முதலீடு மீளும் வாய்ப்புக் காணப்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் வீடு சூடாக்கும் ஆய்வு முடிவுக்கு வந்தது.

அளவுகோலும் காலமும்

டோவர் வீடு பழுதடைந்து கைவிடப்பட்டது. லெக்சிங்ரன் வீடு பழுதின்றியே கைவிடப்பட்டது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முதலாவது ஒரு பொருளின் தோல்வி. இரண்டாவதை அவ்வாறு கூறுதல் இயலாது. அங்கே ஞாயிறும் தவறவில்லை, பொறியியலும் தவறவில்லை, வீட்டில் வாழ்ந்தோரும் குளிரால் வாடவில்லை. தீர்ப்பளித்தது அன்றைய எண்ணெய் விலை. 1950களிலும் 1960களிலும் ஒரு பீப்பா மசகெண்ணெய் 3 டொலர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ விற்கப்பட்டது. மத்திய கிழக்கின் எண்ணெயும் உள்நாட்டு இயற்கை வாயுவும் தடையின்றிப் பாய்ந்த அக்காலத்தில் எந்தச் சூரியக் கருவியும் அந்த அளவுகோலின்படி தேறியிராது.

ஹொற்றலின் கணக்கிற் பிழையில்லை என்பதை நடுநிலையுடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். தம் நிறுவனத்தின் படைப்பு இலாபந்தராது என்பதை மறைக்காது வெளியிட்ட அவரது நேர்மை போற்றத்தக்கது. ஆயின் அக்கணக்கு ஒரு குறித்த ஆண்டின் விலையை வைத்து ஒரு வீட்டை மதிப்பிட்டது. வீடோ ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்கும் பொருள். அதன் வாழ்நாளில் எரிபொருளின் விலை அவ்வாறே இருக்குமா, எரிபொருள் தரும் நாடுகளின் அரசியல் அவ்வாறே இருக்குமா என்னும் வினாக்களை இரசாயனப் பொறியியலிடம் எதிர்பார்த்தல் முறையாகாது. அவற்றைக் கேட்கவேண்டிய பொருளியலாளரும் வரலாற்றறிஞரும் குழுவில் இருக்கவில்லை. பல துறையினர் அமர்ந்திருந்த அக்குழுவில் விடைகளைத் தேடும் பணி பகிரப்பட்டதேயன்றி, வினாவை வகுக்கும் உரிமை பகிரப்படவில்லை.

1973 இன் பிற்பகுதியில் வந்த எண்ணெய் நெருக்கடி இதனைத் தெளிவாக்கிற்று. சில மாதங்களுள் மசகெண்ணெய் விலை ஏறக்குறைய 3 டொலரிலிருந்து 12 டொலரை அணுகியது. 13 மில்லியன் வீடுகளை எதிர்பார்த்த 1975 வந்தபோது அவற்றின் மிகச் சிறு பகுதிகூட எழுந்திருக்கவில்லை. அவசரமாகச் சூரிய ஆய்வுகள் மீண்டும் தொடங்கின. வெப்பத்திரட்டியைப் பற்றி அறிய விரும்பியோர்க்கு 1942 ஆம் ஆண்டுக் கட்டுரையும் 1953 ஆம் ஆண்டு ஆய்வும் ஆயத்தமாக இருந்தன. வீடுகள் மறைந்தபின்னும் அளவீடுகள் வாழ்ந்தன. உப்பைப் பற்றி அறிய விரும்பியோர் நிலை வேறு. டோவரில் நேர்ந்த தவறு, ஆராய்ந்தால் நீக்கக்கூடிய ஒன்று. உப்பு காலந்தவறாது உறையும்பொருட்டுச் சிறிது வெண்காரம் சேர்ப்பது போன்ற வழிகளை ரெல்கெசே ஆராய்ந்திருந்தார். ஆனால் அவ்வாய்வைக் குழுவாகத் தொடர்வதற்கு அவர் விட்டுச்சென்ற நிறுவனத்தில் எவரும் இருக்கவில்லை.

1973 இல் டெலவெயர் பல்கலைக்கழகம் அமைத்த சூரிய வீட்டில் ரெல்கெஸ் மீண்டும் தம் உப்புகளுடன் பங்குகொண்டார். சூரிய மின்கலமும் வெப்பச் சேமிப்பும் ஒரே கூரையின் கீழ் இணைந்த முன்னோடி வீடுகளுள் அது ஒன்றாகும். 1978 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும் தனது ஐந்தாவது சூரியக் கட்டடத்தை அமைத்தது. இம்முறை பொறுப்பேற்றது கட்டடக்கலைத் துறை. கூரையிற் குழாய்களோ நிலவறையிற் பெருந்தாங்கியோ இல்லை. தென்புறச் சன்னல்களினூடாகப் புகும் ஒளியைத் தெறிதகடுகள் உட்கூரையை நோக்கித் திருப்பின. உட்கூரை ஓடுகளின் உள்ளே வெப்பத்தை ஏற்கும் பொருளொன்று அடைக்கப்பட்டிருந்தது. அறையின் இதமான வெப்பநிலையிலேயே உருகுமாறு பக்குவப்படுத்தப்பட்ட அப்பொருளின் அடிப்படை குளோபர் உப்பேயாகும். படைகளாகப் பிரியாதவாறு அது மெல்லிய பரப்பிற் கெட்டிப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது.

ரெல்கெஸ் 1953 இல் வெளியேறினார். உப்பு 1978 இல் அதே நிறுவனத்தின் உட்கூரைக்குத் திரும்பியது. இடையிற் கழிந்தவை இருபத்தைந்து ஆண்டுகள். எண்ணெய் மலிந்திருந்த அவ்வாண்டுகளே, அவசரமின்றி அவ்வுப்பை ஆராய்ந்து செம்மைப்படுத்தக்கூடிய காலமாக இருந்தன. விலை ஏறியபின் ஆய்வைத் தொடங்கும் சமூகம், வீடு குளிர்ந்தபின் விறகு தேடுபவனை ஒத்தது. கைத்தொழில் நிறுவனங்கள் அன்றன்றைய விலைக்கேற்ப நடந்துகொள்வது இயல்பு. விலை எவ்வாறிருப்பினும் ஒரு வினாவை உயிருடன் பேணுவதற்கென்றே சமூகம் பல்கலைக்கழகங்களை வைத்திருக்கின்றது. கபற்றின் கொடை முதலில் அத்தகைய சுதந்திரத்தையே வழங்கியது. குழுவோ காலப்போக்கிற் சந்தையின் அளவுகோலைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது.

இக்குழுவின் வரலாறு இரு செய்திகளை ஒருங்கே உணர்த்துகின்றது. அளந்து எழுதிவைக்கும் ஒழுக்கம் இல்லையேல் ஹொற்றலின் பணி அவரது வீடுகளோடு மறைந்திருக்கும். தவறிய முயற்சியையும் தொடர்ந்து பேணும் பொறுமை இன்மையால் ரெல்கெசின் பணி கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. இவ்விரு பண்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதே பல்துறை ஆய்வின் கடினமான பகுதியாகும்.